முற்றுகைக்குள் முடித்த உறுதி

(சங்கத்தின் நூற்றாண்டு நன்றி வழிபாட்டை அடுத்து, ஹெவ்லொக் டவுனில் நடைபெற்ற ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



'யூதத் தீர்க்கதரிசிகள் தரும் நம்பிக்கை' என்று தலைப்புத் தந்து, இருபது நிமிடத்துக்குள் முடிக்கும்படியும் செயலாளர் சொல்லியிருக்கிறார். இந்த மண்டபத்தில் கோயிலுக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே நான் பிரசங்கம் செய்யப் போவதில்லை. ஒரு காணி விற்பனையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

தீர்க்கதரிசி என்றால் நாளைக்கு நடப்பதைச் சொல்லும் சாத்திரியார் என்றுதான் படிக்கிற காலத்தில் நினைத்திருந்தோம். எரேமியாவின் புத்தகத்தை ஆறுதலாக வாசித்த பிறகுதான், இன்று நடப்பதைக் கண்ணை மூடாமல் பார்க்கிறவர் அவர் என்று எனக்கு விளங்கியது. எருசலேம் விழும் என்று சொன்னதற்காக சிதேக்கியா ராசா அவரைக் காவல் முற்றத்தில் அடைத்து வைத்திருந்தான். கிறிஸ்துவுக்கு முன் 587ஆம் ஆண்டளவில், பாபிலோன் படை நகரைச் சுற்றி வளைத்திருந்த நேரம் அது. அப்போது பெரியப்பா சித்தப்பா வழிச் சகோதரன் அனாமெயேல் வந்து, "அனாதோத்தில் உள்ள என் நிலத்தை நீர் வாங்கும், மீட்கும் உரிமை உமக்குத்தான்" என்று கேட்கிறான். அனாதோத் எருசலேமிலிருந்து நாலைந்து கிலோமீற்றர் தூரம். எதிரியின் படை நிற்கிற பக்கத்துக் காணி. அதை விற்க வந்தவனுடைய கெட்டித்தனத்தை என்னவென்று சொல்வது!

எரேமியா வாங்கினார். விலை 17 சேக்கல் வெள்ளி, இன்றைய நிறையில் ஏறத்தாழ 200 கிராம். வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார், பத்திரத்தில் கையெழுத்திட்டார், சாட்சிகளும் கையெழுத்திட்டார்கள். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் எழுத்தர் பாரூக்கிடம் கொடுத்து, நெடுங்காலம் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். 32ஆம் அதிகாரத்தை நொத்தாரிசு ஒருவர் எழுதியதுபோலவே வாசிக்கலாம். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. வானம் திறக்கவில்லை. மறுபடியும் இந்தத் தேசத்தில் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்குவார்கள் என்பதற்கு அந்தப் பத்திரம் மட்டுமே சாட்சி.

இந்த அதிகாரத்தை நான் வாசித்து விளங்கிக்கொள்வதற்கு முன்னரே எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். 1983 ஆடியில் நாங்கள் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனபோது அம்மா கையில் கொண்டுபோனது ஒரு பிஸ்கற் ரின். அதற்குள் தெல்லிப்பழைக்கு வடக்கே இருந்த ஆறு பரப்புக் காணியின் உறுதி. "ஒரு கிழமையில் எல்லாம் சரியாகிவிடும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு திரும்பவும் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். எங்கள் காணி பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது.

1992இல் அக்காவுக்குக் கலியாணம். அந்தக் காணியைச் சீதனமாக எழுத வேண்டும் என்று அம்மா நின்றார். நொத்தாரிசு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, போய்ப் பார்க்கவும் ஏலாத காணிக்கு உறுதி முடிச்சு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டார். அம்மா சொன்னது ஒரே வசனம்: "நீங்கள் எழுதுங்கோ தம்பி." பத்திரத்துக்கு 'உறுதி' என்று பெயர் வைத்த எங்கள் முன்னோரை அன்று நான் நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் ஊர்தான். அவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

எரேமியா மலிவான நம்பிக்கை தருகிறவர் அல்ல. அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி இரண்டு வருடத்துக்குள் எல்லாம் திரும்பிவிடும் என்று மக்களுக்குச் சொன்னான். அப்படியே ஆகட்டும், ஆமென் என்று முதலில் எரேமியாவும் சொன்னார். அவருக்கும் ஆசைதானே. ஆனால் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அவர் அனுப்பிய கடிதத்தில் உள்ள எண் 70. வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற அந்த நகரத்தின் நன்மைக்காக மன்றாடுங்கள் என்று எழுதினார். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளே, 29ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்கள் முகவரிக்கு வந்த கடிதம்போல் இருக்கும்.

சரி, கடவுளோடு நெருக்கம் எங்கே? எனக்கு அது காணி வாங்கிய பிறகு வரும் ஜெபத்தில் தெரிகிறது. காசு கொடுத்து, உறுதி முடித்து, எல்லாம் ஆன பின்னர்தான் எரேமியாவுக்குத் தடுமாற்றம் வருகிறது. நகரமே எதிரியின் கையில் போகிறது, நீர் என்னைக் காணி வாங்கச் சொல்கிறீரே என்று முறையிடுகிறார். இதற்கு முன்னரும், தான் பிறந்த நாளையே சபித்து, என்னை ஏமாற்றிவிட்டீர் என்று கடவுளிடம் சண்டை பிடித்தவர் அவர். தூரத்து ஆளோடு ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை. சைவப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. சுந்தரரை வன்றொண்டர் என்றும் தம்பிரான் தோழர் என்றும் சொல்கிறோம். வன்மையாக வாதாடியவரே தோழருமானார். அம்மாவும் மாலை ஜெபத்தில் அப்படித்தான். அயல்வீட்டுக்குக் கேட்குமோ என்று நாங்கள் யன்னலைச் சாத்துவோம்.

யூதர்கள் இந்தக் காணிக் கதையை இன்றும் தங்கள் ஜெபாலயங்களில் வாசிக்கிறார்கள், விற்ற நிலத்தை மீட்பது பற்றிய லேவியராகமப் பகுதியோடு சேர்த்து. பெண்கள் கூடியிருக்கும் இந்தச் சபையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1961இல், சாக்கடலுக்கு மேற்கே ஒரு குகையில், பாபத்தா என்ற யூதப் பெண்ணின் பத்திரக் கட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 35 பத்திரங்கள். காணி, பேரீச்சந்தோட்டம், கலியாணம், மகனின் பராமரிப்பு வழக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. உரோமருக்கு எதிரான கிளர்ச்சி 132இல் தொடங்கியபின் அந்தக் குகையில் ஒளித்தவர்கள் விட்டுப்போனவை அவை. அவற்றுட் பல, எரேமியா சொன்னதுபோலவே, கட்டி மூடிய பிரதியும் திறந்த பிரதியுமாக ஒரே தாளில் எழுதப்பட்டவை. அதைப் பற்றி முதலில் வாசித்த அன்று எனக்கு எங்கள் பிஸ்கற் ரின்தான் ஞாபகம் வந்தது. பாபத்தா தன் கட்டை எடுக்கத் திரும்பி வரவில்லை.

எரேமியாவும் அனாதோத்துக் காணியில் குடியிருந்ததாக வேதாகமம் சொல்லவில்லை. அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மா 2009இல், வெள்ளவத்தையிலேயே காலமானார்.

எங்கள் துண்டு 2018இல் விடுபட்டது. அக்காவும் நானும் போனோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல்லும் இல்லை. எல்லை தெரியாமல் பற்றைக்குள் நின்றோம். கிணறு மட்டும் இருந்தது. கிராம சேவகர் வந்து, "காணிக்கு ஏதும் ஆதாரம் இருக்கோ?" என்று கேட்டார். அக்கா கைப்பையைத் திறந்தார்.

நேரம் முடிந்துவிட்டதென்று செயலாளர் மணியடிக்கிறார்.