நாய்க்கும் ஓர் ஆண்டுப் பாடத்திட்டம்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவிலே நாயைப் பற்றிப் பேசுகிறாரே இந்த வாத்தியார் என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாயை வளர்க்கிறோம், பழக்குகிறோமா? மிச்சச் சோற்றைப் போட்டுச் சங்கிலியில் கட்டிவிட்டால் கடமை தீர்ந்ததா?

2012-இல் மலேசியா வெறிநாய்க்கடி நோய் அற்ற நாடு என அறிவிக்கப்பட்டது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பிறகு நம் பினாங்கு என்று அந்த நோய் திரும்பி வந்தது. தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு முடிவெடுத்தது. எதிர்ப்புக் குரலும் எழுந்தது. 2017-இல் சரவாக்கில் நோய் பரவி, சின்னஞ்சிறு பிள்ளைகள் உயிரிழந்தார்கள். நாம் அவிழ்த்துவிடும் நாய்தான் நாளை தெருநாய். அதன் உயிரும் நம் பிள்ளையின் உயிரும் நம் கையில்தான் இருக்கின்றன.

ஆகவே, இரண்டு மாதக் குட்டிக்கு ஓராண்டுத் திட்டம் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம் பழகும் காலம். மனிதர், மோட்டார் சைக்கிள், இடிச்சத்தம் எல்லாம் அதற்கு அறிமுகமாகட்டும். மூன்று மாத வயதில் வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும். மாநகர் மன்ற உரிமமும் எடுத்துவிடுங்கள்.

அடுத்த மூன்று மாதம் ‘வா’, ‘உட்கார்’, ‘இரு’ என்ற மூன்று சொல் போதும். அப்பா ‘உட்கார்’, அண்ணன் ‘சிட்’, பாட்டி ‘குந்து’ என்றால் அது யார் பேச்சைக் கேட்கும்? வீடு முழுக்க ஒரே சொல். தினம் இரண்டு வேளை, ஐந்தைந்து நிமிடம்.

மூன்றாம் பகுதியில் கயிற்றோடு நடக்கவும், கோழியைத் துரத்தாமலிருக்கவும் பழக்குங்கள். அக்கம்பக்கத்து மலாய்க் குடும்பத்தார் வாசலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் பண்பு.

கடைசி மூன்று மாதம் படித்ததைச் சந்தையோரம், பள்ளிச் சாலை போன்ற புது இடங்களில் சோதித்துப் பாருங்கள். ஆண்டு முடிந்ததும் தடுப்பூசியை மறுபடி போடுங்கள்.

இன்னொன்று. சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு மீனோ, ஒரு தட்டலோ கொடுங்கள். தாமதித்தால் எதற்குப் பரிசு என்று அதற்குப் புரியாது. காலையில் கடித்த சிலிப்பருக்கு மாலையில் அடித்தால், அது பாடம் படிக்காது. உங்களைக் கண்டு பயப்படத்தான் படிக்கும். பயந்த நாய்தான் கடிக்கும்.

பொறுமையாகப் பழக்கினால் நாய் என்னதான் செய்யாது? 2007-இல் லக்கி, ஃபுளோ என்ற இரண்டு லாப்ரடார் நாய்கள் நம் நாட்டுக்கு வந்து, மோப்பத்தாலேயே திருட்டு வட்டுகளைக் குவியல் குவியலாகக் காட்டிக்கொடுத்தன.

மாணவச் செல்வங்களே! தூங்குகிற, தின்கிற, குட்டி போட்ட நாயைத் தொடாதீர்கள். கடித்தால் மறைக்காதீர்கள். ஏச்சுக்குப் பயந்து மறைத்தால் உயிருக்கே ஆபத்து. சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் மருந்து பலிப்பதில்லை. பெற்றோர்களே, கடிபட்டு வந்த பிள்ளையைத் திட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அடித்து வளர்ப்பதைவிட அன்போடு, ஒழுங்கோடு வளர்ப்பதே பலன் தரும். இது நாய்க்கு மட்டும் சொன்னதல்ல என்பது பெற்றோர்களுக்கு விளங்கும்.