செவி கற்கும் முதற் பாடம்

பத்து, பட்டு, பற்று. இம்மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் நேயர், நாவின் நுனி மூன்று வெவ்வேறு இடங்களைத் தொட்டு மீள்வதை உணர்வர். முதலாவதில் அது பல்லின் அடியைத் தொடுகின்றது. இரண்டாவதில் பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொடுகின்றது. மூன்றாவதில் இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள பல்லீற்று மேட்டைத் தொடுகின்றது. யாழ்ப்பாணத்துச் சிறுவன் எவனும் இம்மூன்றையும் மயங்கான். இவ்வேறுபாட்டை அவனுக்குக் கற்பித்தவர் யாரென வினவினால், தாயும் அறியாள், ஆசிரியரும் அறியார். அரிச்சுவடி கைக்கு வருமுன்னரே அப்பாடம் முடிந்துவிட்டது. அது எப்பொழுது, எவ்வாறு முடிந்தது என்பதைக் கடந்த அரை நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர் ஓரளவு கண்டறிந்துள்ளனர்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிறவுண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் ஐமாசும் அவர்தம் துணைவரும் ஒரு மாதக் குழந்தைகளையும் நான்கு மாதக் குழந்தைகளையும் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். பேசமாட்டாத குழந்தையிடம் எதனைக் கேட்டறிவது? அதன் வாயில் ஒரு சூப்பியை வைத்தனர். குழந்தை அதனை உறுதியாகச் சூப்புந்தோறும் ஓர் ஒலி கேட்கும். ஒரே ஒலியைக் கேட்டுக்கேட்டுச் சலிப்புற்றதும் சூப்பும் வேகம் குறையும். அவ்வேளையில் ஒலியை மாற்றினால், மாற்றத்தை உணர்ந்த குழந்தை புத்தூக்கத்துடன் மீண்டும் சூப்பத் தொடங்கும். ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துக்களாய் வழங்கும் இரண்டு உதட்டொலிகளை, அதாவது நம் ‘பல்’ என்பதன் முதலொலியையும் ‘கம்பு’ என்பதன் இடையொலியையும் ஏறத்தாழ ஒத்தவற்றை, ஒரு மாதக் குழந்தையும் வேறுபடுத்தி உணர்ந்தது.

இதனினும் வியப்பானது 1984இல் வெளிவந்தது. கனடாவின் வன்கூவர் நகரில் ஜனற் வேர்க்கர், றிச்சட் ரீஸ் என்னும் இருவர், ஆங்கிலம் பேசும் வீடுகளிற் பிறந்த குழந்தைகளுக்கு இந்தி மொழியின் தகர டகர ஒலிகளைக் கேட்பித்தனர். ஆங்கிலம் மட்டும் அறிந்த பெரியோர்க்கு இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே கேட்கும். ஆயின் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளிற் பெரும்பாலானவை ஒலி மாறியதும் தலையைத் திருப்பின. எட்டு மாதத்தைக் கடந்தவற்றில் அத்திறன் குறைந்து சென்றது. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலவே அதனைக் காட்டின. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளோ அவ்வயதிலும் தடுமாறவில்லை. முதற் பிறந்தநாள் வருமுன்னரே செவி தன் தாய்மொழிக்கு உரியதாகிவிடுகின்றது.

செவி மழுங்கிவிட்டது என்று இதற்குப் பொருளன்று. அது தரம்பிரிக்கக் கற்றுக்கொண்டது என்பதே பொருத்தம். ஒரே சொல்லைத் தந்தை சொல்லும் ஒலி வேறு, பாட்டி சொல்லும் ஒலி வேறு. தடிமன் பிடித்த அண்ணன் சொல்லும் ஒலி பிறிதொன்று. சந்தையிற் பழக்காரி மாம்பழங்களைக் கூடைகளில் இடுவதைக் காண்க. ஒரு பழத்தைப்போல் மற்றொரு பழம் இல்லை. எனினும் இது கறுத்தக்கொழும்பான், இது அம்பலவி என அவள் கை தயங்காது பிரிக்கும். குழந்தையின் மனமும் கேட்ட ஒலிகள் எங்கெங்கே திரளாகக் குவிகின்றன எனக் கணக்கிட்டு, அத்திரள்களுக்குக் கூடை அமைக்கின்றது. கூடைகள் அமைந்தபின் எங்கிருந்தோ ஒரு புதுப்பழம் வந்தாலும், அது அருகிலுள்ள கூடையிலேயே விழும். இக்கூடைகளையே மொழிநூலார் ஒலியன் என்பர்.

தமிழ்ப் பிள்ளையின் மனத்திற் பகரத்திற்கு ஒரே கூடைதான் உண்டு. ‘பல்’ என்பதில் உதடு வன்மையாய் ஒலிக்கின்றது. ‘கம்பு’ என்பதில் அதிர்ந்து மெலிகின்றது. எழுதப் படிக்க அறியாத கிழவரும் இரண்டும் ஒன்றே எனச் சாதிப்பார். அவர் சொல்வது அவர் மனத்தளவில் முற்றும் உண்மை. எட்வேட் சபீர் என்னும் மொழிநூற் பேரறிஞர் 1933இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனையொத்த செய்தியைக் காணலாம். தென் பையூற் என்னும் அமெரிக்கப் பழங்குடி மொழியினர் ஒருவரிடம், ‘நீரருகே’ எனப் பொருள்படும் சொல்லை அசை பிரித்துக் கூறுமாறு சபீர் கேட்டார். சேர்த்துச் சொல்லும்போது மெல்லுரசலாய் வந்த ஒலி, பிரித்துச் சொன்னபோது தெளிவான பகரமாய் வெளிவந்தது. வாய் பேசியது ஒன்று. மனம் சேமித்து வைத்திருந்தது மற்றொன்று.

கூடைகள் ஊருக்கு ஊர் வேறுபடுவதற்குத் தமிழிலேயே சான்றுண்டு. புகைவண்டிக்கு வாங்கும் சீட்டைத் தமிழ்நாட்டார் ‘டிக்கெட்’ என எழுத, இலங்கைத் தமிழர் ‘ரிக்கெற்’ என எழுதுகின்றனர். ஆங்கிலேயர் வாயிற் பிறந்த ஒலி ஒன்றே. அதற்குரிய இடம் பல்லீற்று மேடு. ‘பற்று’ என்னும் சொல்லில் அவ்விடத்து வல்லொலியை இன்றும் பேணும் ஈழத்துச் செவி அதனைத் தன் றகர ரகரக் கூடையில் இட்டது. அவ்வொலி பேச்சில் அருகிவிட்ட தமிழ்நாட்டுச் செவி டகரக் கூடையில் இட்டது. ஒருவர் எழுதுவதைக் கண்டு மற்றவர் நகைப்பதற்கு இங்கே இடமில்லை. நுனிநா அண்ணத்தை ஒற்றுவதால் றகரமும், வருடுவதால் ரகரமும் பிறக்கும் எனப் பிறப்பியலில் தொல்காப்பியர் பிரித்துரைத்த நுட்பம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

இலங்கையின் இரு மொழிகளுக்கிடையேயும் இத்தகைய இடர்கள் உள. சிங்களத்தில் ‘கந்த’ என்பதன் நடுவிலுள்ள மெல்லொலி நிறைவாய் நின்றால் மலை. மிகக் குறுகி அடுத்த ஒலியோடு ஒட்டி நின்றால் மரத்தின் அடி. தமிழ்ச் செவிக்கு இரண்டும் ஒன்றுபோலவே படும். மறுபுறம், லகர ளகரங்களுக்குச் சிங்கள எழுத்தில் வேறு வடிவம் இருப்பினும் இன்றைய பேச்சில் ஒலி ஒன்றே. ஆதலின் தமிழ் கற்கும் சிங்களப் பிள்ளை பள்ளிக்குப் போனேன் எனச் சொல்ல எண்ணிப் பல்லிக்குப் போனேன் என்கின்றது. வகுப்பு முழுவதும் சிரிக்கின்றது. தான் சொன்னதற்கும் ஆசிரியர் திருத்தியதற்கும் உள்ள வேறுபாடு அப்பிள்ளையின் செவிக்கு எட்டவேயில்லை என்பதை வகுப்பில் எவரும் எண்ணுவதில்லை. பத்து முறை திரும்பச் சொல்லச் செய்து, பதினோராம் முறை பிரம்பை எடுத்த ஆசிரியர் முற்காலத்தில் இருந்தனர். பிள்ளை கற்றுக்கொண்டது ளகரத்தை அன்று, வாய் மூடியிருத்தலை.

நேர்மாறான பிழையும் உண்டு. 1960இல் ஜீன் பேர்க்கோ, றோஜர் பிறவுண் என்போர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினர். அவன் தன் விளையாட்டு மீனை ஆங்கிலத்தில் ‘பிஷ்’ என்னாது ‘பிஸ்’ என்றான். பெரியவர் ஒருவர் அவ்வாறே ‘பிஸ்’ எனச் சொன்னபோது அவன் ஒப்பவில்லை. ‘பிஷ்’ என்று சொன்ன பின்னரே, அதுதான் தன்னுடைய ‘பிஸ்’ என உடன்பட்டான். அவன் மனத்திற் சரியான ஒலி இருந்தது, நாவே பின்தங்கியது. ரயிலை லயில் என்னும் நம் வீட்டு மழலையை அவ்வாறே சொல்லிக் கேலிசெய்வோர், அது முகஞ்சுளிப்பதன் காரணத்தை இதனால் அறியலாம். நா பின்தங்கிய பிள்ளைக்குக் காலம் வேண்டும்; செவிக்கு எட்டாத பிள்ளைக்குப் பயிற்சி வேண்டும். இருவரையும் ஒரே கோலால் அளப்பது தகாது.

எத்தகைய பயிற்சி? 2003இல் சியாற்றில் நகரில் பற்றீசியா கூலும் துணைவரும் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீனமொழி பேசுவோருடன் பன்னிரண்டு முறை விளையாடச் செய்தனர். குழந்தைகள் அம்மொழிக்குரிய ஒலி வேறுபாட்டை உணரக் கற்றன. அதே பேச்சைப் படத்துடனோ ஒலிப்பதிவாக மட்டுமோ கேட்ட வேறு குழந்தைகள் யாதும் கற்கவில்லை. வானொலி நிலையத்தாருக்கு இது சற்றுக் கசப்பான செய்தியே!

ஆயினும் வளர்ந்தோர் திறத்தில் நிலைமை வேறு. ஆங்கிலத்தின் ரகர லகரங்களை மயங்கும் யப்பானியருக்கு ‘றைற்’, ‘லைற்’ போன்ற இணைச் சொற்களை ஒலிப்பதிவிற் கேட்பித்து, ஒவ்வொரு விடையும் சரியா தவறா என உடனுக்குடன் அறிவித்தனர் இந்தியானாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். 1991இல் வெளியான அவர்தம் முடிவின்படி, சில வாரங்களில் அவர்கள் செவி தெளிந்தது. ஒரே குரலைக் கேட்டவரினும் பல குரல்களைக் கேட்டவரே புதியவர் பேச்சையும் நன்கு பிரித்தறிந்தனர். பின்னர் 1997இல் வெளிவந்த ஆய்வு இன்னுமொன்றைக் காட்டிற்று. அப்பயிற்சியில் வாய் திறந்து சொல்லுமாறு எவரும் அவர்களைக் கேட்கவில்லை. எனினும் செவி தெளிந்தபின் அவர்தம் உச்சரிப்பும் திருந்தியிருந்தது.