தண்ணீர் போக வழி எங்கே?

(வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு வேளச்சேரியில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)



கூட்டத்துக்கு வருகிற வழியில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏம்பா, இந்த வருஷமும் வருமா?" என்று கேட்டார். எது வருமா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேளச்சேரியில் புரட்டாசி பிறந்துவிட்டால் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான்.

அந்த அம்மாவுக்கு இங்கிருந்தே பதில் சொல்கிறேன். மழை வரும். வந்தே ஆக வேண்டும். ஓராண்டில் சென்னையில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான் பெய்கிறது. அது பொய்த்தால் என்ன ஆகும் என்று 2019-ல் பார்த்தோம். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறித் தண்ணீர் வந்தது. லாரி எப்போது வருமோ என்று இதே தெருவில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தோம். ஆகவே மழையைத் திட்டுகிற பேச்சு இந்த மேடையில் வேண்டாம்.

நான் இன்றைக்கு எதிர்த்துப் பேச வந்திருப்பது ஒரு சொல்லை. "சமாளிச்சுக்கலாம்" என்கிற சொல்லை.

எப்படியெல்லாம் சமாளிக்கிறோம்! வானிலை அறிக்கையில் 'தாழ்வு மண்டலம்' என்று காதில் விழுந்ததும் காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்கு ஓடுகிறோம். ஃபிரிட்ஜுக்கு அடியில் ஹாலோ பிளாக் வைக்கிறோம். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் பாலிதீன் கவரில் சுற்றி லாஃப்டில் போடுகிறோம். மெழுகுவர்த்தி, பால் பவுடர், கொசுவத்தி. தரைத்தளத்துக்காரர்கள் முதல் மாடிக்காரர்களிடம் "ரெண்டு நாளைக்கு இடம் குடுங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். தீபாவளிக்குத் துணி எடுப்பதைப் போல இதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது. வழக்கமாகிவிட்டது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

2015 டிசம்பர் ஒன்றாம் தேதி ராத்திரி என் வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. வாசலில் மணல் மூட்டை அடுக்கி, ஈரச் சாக்கைச் செருகி, அதன் மேல் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தேன். உள்ளே குளியலறையில் 'களக் களக்' என்று சத்தம். என் மனைவி டார்ச் அடித்துப் பார்த்தாள். ஜல்லடை மூடியைத் தள்ளிக்கொண்டு முதலில் கரப்பான் பூச்சிகள் வந்தன. பின்னாலேயே கறுப்பாகத் தண்ணீர். அது வெறும் மழைத் தண்ணீர் இல்லை. ஊரின் சாக்கடை முழுக்க அந்தச் சின்ன ஓட்டை வழியாக எங்கள் வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. முன்வாசலை நான் காத்தேன். பின்வாசல் ஒன்று இருப்பது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் நானும் சமாளித்தேன். நகையை அடகு வைத்து, லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டி, வீட்டைச் சுற்றி முழுக்க மூன்றடி உயர்த்தினேன். பணம் படைத்தவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார்கள். எனக்கு அதற்கு வசதியில்லை. மண்ணை உயர்த்தி, தரையை மேலே எடுத்துக் கட்டினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. என் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. மொட்டை மாடியில் நின்று எதிர்வீட்டைப் பார்த்தேன். தையல் வேலை செய்து பிழைக்கிற தங்கச்சி ஒருத்தி அங்கே வாடகைக்கு இருக்கிறாள். 2015-ல் அவள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். இந்த முறை இடுப்பு. தையல் மெஷினைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்தும், கட்டிலோடு அதுவும் மூழ்கியது. முன்பெல்லாம் என் முற்றத்தில் நின்ற தண்ணீர், பக்கத்து வீட்டு முற்றத்தில் நின்ற தண்ணீர், வரிசையாக நாங்கள் உயர்த்திய எல்லா வீட்டு முற்றங்களிலும் நின்ற தண்ணீர், எல்லாம் சேர்ந்து உயர்த்த முடியாதவளின் வீட்டுக்குள் போனது. நான் சமாளித்ததற்கு அவள் விலை கொடுத்தாள். அவள் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

இதைத்தான் சமாளிப்பு என்கிறோமா? தனித்தனியாக ஒவ்வொருவரும் தண்ணீரைத் தள்ளினால் அது எங்கே போகும்? அடுத்தவன் வீட்டுக்குத்தான் போகும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கிற நண்பர்களும் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். கீழ்த்தளத்து பார்க்கிங்கில் தேங்கியதை மோட்டார் போட்டுத் தெருவில் இறைத்துவிடுகிறீர்களே, அந்த ஓஸ் பைப்பின் முனை எந்த வாசலை நோக்கி இருக்கிறது என்று இந்த முறை இறங்கி வந்து பாருங்கள்.

வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரி என்கிறார்கள். 2015-ல் அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் அனுபவித்ததை யாரும் மறக்க முடியாது. அது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையே சொன்னது. 2018-ல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட அறிக்கை. அந்த விவகாரம் அப்படியே இருக்கட்டும். ஆனால் வேளச்சேரிக்காரர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் போனது. நம் வீட்டுக்குள் வந்தது வேறு தண்ணீர். நம் தலைக்கு மேலே பெய்ததும், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளைப் பக்கமிருந்து இறங்கி வந்ததும்தான் அது.

அந்தத் தண்ணீருக்கு ஒரு பாதை இருந்தது. நம் பாட்டன்மார்களுக்கு அது வீட்டு நடை மாதிரிப் பழக்கம். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு. ஆதம்பாக்கம் ஏரி நிரம்பினால் வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு. வேளச்சேரி ஏரியின் உபரியும் அங்கேதான். நாராயணபுரம், கீழ்க்கட்டளை என்று தெற்கே உள்ள ஏரிகளின் தண்ணீரும் அங்கேதான். சதுப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் விட்டு, முட்டுக்காட்டுக்குப் பக்கத்தில் கடலில் சேர்க்கும். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் தண்ணீர் இறங்காது, காத்திருக்கும். காத்திருக்க அதற்கு இடம் வேண்டும். சதுப்பு என்பது அந்த இடம்தான்.

அறுபதுகளில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு அது. அதன் மேல் சாலை போட்டோம். அலுவலகங்கள் கட்டினோம். பெருங்குடியில் ஊர்க் குப்பையை மலை மலையாகக் கொட்டினோம். மிஞ்சியதைக் காப்பாற்ற 2007-ல் ஒரு பகுதியைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. பதாகை வைத்துக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் சதுப்புக்கு வருகிற வாய்க்கால்களும் சதுப்பிலிருந்து போகிற மடுவும் குறுகிக் கிடக்கும்போது, நடுவில் இருக்கிற சதுப்புக்கு மட்டும் விருது கொடுத்து என்ன பயன்?

இங்கே இன்னொரு சொல்லையும் கேட்க வேண்டியிருக்கிறது. 'ஆக்கிரமிப்பு' என்கிற சொல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் லாரியில் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோய் இறக்கினார்கள்? பெரும்பாக்கத்தில். சதுப்பை ஒட்டிய பள்ளத்தில். ஆற்றங்கரை வெள்ளத்திலிருந்து உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று கூட்டிப்போய் இன்னொரு தண்ணீர் நிற்கிற நிலத்தில் எட்டு மாடி ஏற்றி உட்கார வைத்தார்கள். வேலை போனது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போனது, தண்ணீர் மட்டும் கூடவே வந்தது. ஏரிக்குள் அரசே மனை பிரித்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் 'திட்டம்'. கூவத்தோரம் ஒருவன் நான்கு கம்பு நட்டால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. இந்த இரட்டைக் கணக்கு ஒழியாமல் சென்னையில் எந்த வடிகாலும் வேலை செய்யாது.

"நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மழை, என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறார்கள். 2015-ல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தபோது அப்படித்தான் சொன்னார்கள். எட்டே வருஷத்தில் மிக்ஜாம். அது போய் இரண்டு வாரம் ஆகவில்லை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நூறு வருஷக் கணக்கை நம்பி இனிமேல் யாரும் தூங்கக் கூடாது.

2021 மழைக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2023 மார்ச்சில் அந்தக் குழு தன் இறுதி அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தது. நம் தெருவைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்தக் கூட்டத்தில் யாருக்காவது தெரியுமா? கை தூக்குங்கள். ஒரு கைகூட எழவில்லை. மூழ்குகிறவன் நான். என் தெருவைப் பற்றிய பக்கத்தை என் கையில் கொடுப்பதில் என்ன சிரமம்?

நாமே அளந்து பார்ப்போம் என்று, மிக்ஜாம் வடிந்த பிறகு எங்கள் தெருக் கொத்தனாரிடம் போனேன். "அண்ணே, நம்ம தெருவுக்கு ஒரு மட்டம் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். தண்ணி டியூபை எடுத்துக்கொண்டு வந்தார். வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்; உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் குழாய். எவ்வளவு வளைத்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதற்குக் கட்சி கிடையாது, பொய் சொல்லத் தெரியாது. ஒரு முனையைத் தெருவின் பள்ளத்தில் நான் பிடித்தேன். புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகாலின் வாயில் மறுமுனையை அவர் பிடித்தார். பென்சிலால் கோடு போட்டு, டேப் வைத்து அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். வடிகாலின் வாய் தெருவை விட நாலு அங்குலம் உயரத்தில் இருந்தது.

நாலு அங்குலத் தண்ணீர் தெருவில் நின்ற பிறகுதான் முதல் சொட்டு வடிகாலுக்குள் இறங்கும். அதற்குள் தையல்காரத் தங்கச்சியின் வாசற்படி தாண்டியிருக்கும். அவள் படி ஏன் அவ்வளவு தாழ்ந்தது? பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, சாலை ஒவ்வொரு முறையும் ஏறியது, வீடு இறங்கியது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று அரசு உத்தரவு இருக்கிறது. உத்தரவு தாளில் இருக்கிறது, தார் நம் வாசலில் இருக்கிறது.

2015-ல் படகோடு வந்த மீனவர்களையும், கழுத்தளவுத் தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்த பிள்ளைகளையும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மிக்ஜாமுக்குப் பிறகு அரசு கொடுத்த 6,000 ரூபாயை நானும் வரிசையில் நின்றுதான் வாங்கினேன். ஆனால் அந்தப் பிள்ளைகளின் நல்ல மனசை நம்பி ஒரு நகரத்தை நடத்தக் கூடாது. நமக்கு நிவாரணம் வேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை. முதல் கோரிக்கை, தண்ணீர் போகிற பாதையைக் காட்டு. எங்கள் தெருவில் விழுகிற மழை எந்த வடிகால், எந்த ஓடை, எந்த மடுவு வழியாகக் கடலுக்குப் போகிறது, எந்த இடத்தில் எவ்வளவு அகலம், எந்த இடத்தில் அடைப்பு என்று வரைபடமாக எழுதித் தெருமுனையில் மாட்டு. மாட்டும்வரை விடப்போவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வீராங்கால் ஓடைப் பாலத்தருகே கூடுகிறோம். அங்கிருந்து சதுப்பு வரை நடக்கிறோம். கொத்தனார் அண்ணன் டியூபோடு வருகிறார். தெருவுக்கு இரண்டு பேராவது வாருங்கள். அளவு டேப், பென்சில், ஒரு நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். எழுத அவர்கள் கை நமக்குத் தேவைப்படும். முதல் அளவை எதிர்வீட்டுத் தங்கச்சியின் வாசற்படியிலிருந்து எடுக்கிறோம்.