சகபயணியின் கீர்த்தி

நாள்தோறும் பேருந்தில் பிரயாணம் செய்வோர், திரையுலகப் பிரமுகர் ஒருவரைத் தற்செயலாகக் கண்டுவிட்டால், அன்று முழுவதும் அதனைப் பலரிடமும் சொல்லி மகிழ்வது இயல்பே. ஆயினும், ஊரின் பெயரை உலகறியச் செய்த உண்மையான கீர்த்திமான்கள் நமக்கு அடுத்த இருக்கையிலேயே அமர்ந்திருக்கக்கூடும் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

2019-ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், காலைப் பேருந்துகளில் மாணவரும் ஆசிரியரும் அலுவலரும் நெருக்கியடித்து நிற்பர். கச்சிராயப்பாளையம் வழியே மலையேறி வெள்ளிமலைக்குச் செல்லும் பேருந்திலோ, சந்தையில் புளியையும் பலாவையும் விற்றுத் திரும்பும் கல்வராயன் மலைவாழ் மக்கள் அமர்ந்திருப்பர். தேக்கிலும் வாகையிலும் தெய்வத் திருவுருவங்களைச் செதுக்கும் மரச்சிற்பியும், விடிய விடியத் தெருக்கூத்தில் அர்ச்சுனனாக ஆடி, முகத்தின் அரிதாரம் முற்றும் நீங்காத நிலையில் ஊர் திரும்பும் கலைஞரும் இவர்களிடையே இருத்தல் கூடும்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கௌரவத்தைப் பரம்பரை பரம்பரையாக உளி பிடித்த கரங்களே ஈட்டித் தந்தன. ஆனால் அக்கரங்களுக்கு உரியவர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆகவே அன்பர்களே, நாளைய பிரயாணத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் அவருடைய தொழிலைப் பற்றி அன்போடு விசாரியுங்கள். அவர் கலைஞரெனில், எழுந்து இடம் கொடுத்து மரியாதை செய்யுங்கள்.