விளக்கு மாறிய கதை
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் 1993 ஆம் ஆண்டு உயர்தர வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பள்ளிக்கால நினைவுகளைப் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். நாங்கள் கூடிக் கதைத்தபோது ஒவ்வொருவரும் ஒவ்வொரு நினைவைச் சொன்னோம். ஆனால் எல்லாருடைய கதையிலும் ஒரு பொருள் வந்து நின்றது. அதுதான் ஜாம் போத்தல் விளக்கு. நாம் நாளாந்தம் கையாளும் ஒரு பொருளின் வடிவம் ஏன் மாறுகிறது, அதை மாற்றுபவர் யார் என்பதை எங்களுக்குக் கற்பித்தது அந்த விளக்கே. ஆதலால் அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றும் மிகப் பழைய பொருளல்ல. 1853 ஆம் ஆண்டில் லிவீவ் நகர மருத்துவமனையில் இரவு நேரச் சத்திரசிகிச்சை ஒன்றுக்கு அது வெளிச்சம் கொடுத்தது. அதற்கான எண்ணெயை வடித்தெடுத்தவர் இக்னசி லுகசேவிச் என்ற மருந்தாளர். அதன்பின் வந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு முறைப்பாடு இருந்தது. திறந்த திரி புகைந்தது. கண்ணாடிச் சிமினி காற்றை மேலே இழுத்துச் சுடரைத் தெளிவாக்கியது. வெளியே கொண்டுபோனால் காற்றில் அணைந்தது. பக்கக் குழாய்களும் கம்பிக் கூண்டும் கொண்ட அரிக்கன் லாம்பு வந்தது. எங்கள் பாட்டிமார் காலத்தில் மாட்டுக் கொட்டிலுக்கு அரிக்கன் லாம்பு, கலியாண வீட்டுக்குப் பெட்றோமாக்ஸ், அடுப்படிக்குக் குப்பி விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது.

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் பற்றரியும் அருந்தலாகின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. அதுவரை வசதி தேடி வளர்ந்த விளக்கு, அப்போது சிக்கனம் தேடிச் சுருங்கியது. வெறும் ஜாம் போத்தல். அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். ஒரு கம்பித் துண்டு, ஒரு சிறு திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நின்றபடியால் காற்று அதைத் தொடவில்லை. ஒரு கொப்பிப் பக்கம் வாசிக்க அந்த வெளிச்சம் போதும். நான்கு பேர் நான்கு பக்கமும் இருந்து படித்தோம். விடியப் பார்த்தால் எல்லாருக்கும் மூக்குக் கரி.

அந்த விளக்கை முதலில் செய்தவர் யார்? யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் பார்த்து மறு வீட்டில் செய்தார்கள். செய்தவர்கள் அவரவர் வசதிக்கேற்பத் திருத்தினார்கள். எங்கள் அம்மாமாரில் ஒருவரும் தம்மை வடிவமைப்பாளர் என்று சொல்லிக்கொண்டதில்லை.

இனிச் சொல்வது எங்களுக்கு இலகுவானதல்ல. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் பழைய குப்பி விளக்கும் பாவனையில் இருந்தது. மருந்துப் போத்தலில் செய்தது. நல்ல உயரம், ஒடுங்கிய அடி, மேலே சும்மா செருகிய தகர மூடி. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஒரு பூனை அதைத் தட்டிவிட்டது. மூடி கழன்று, எண்ணெய் கொட்டி, அவளுடைய வலது கை வெந்தது. ஆறாத கையுடன்தான் பரீட்சை எழுதினாள். பார்க்கப் போன நாங்கள் எல்லாரும் "காலம் சரியில்லை" என்றோம். "போத்தல் சரியில்லை" என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதே காலத்தில், அதே தீவில், அதைச் சொன்னார் ஒருவர். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, விளக்குக் கவிழ்ந்து எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்தவர். 1992 இல் அவர் ஒரு பாதுகாப்பான விளக்கை வடிவமைத்தார். அதற்கு வழிகாட்டியது மார்மைற் போத்தல். குட்டையும் பாரமும் ஆனபடியால் இலகுவில் விழாது. இரு பக்கமும் தட்டையானபடியால் விழுந்தாலும் உருளாது. திருகு மூடி ஆனபடியால் எண்ணெய் கொட்டாது. 'சுதீப' என்ற அந்த விளக்கு பல இலட்சம் வீடுகளுக்குப் போனது. 1998 இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. போர் தொடங்க முன்னர் எங்கள் வீட்டு அலுமாரிகளிலும் மார்மைற் போத்தல் இருந்தது. நாங்கள் அதைப் பார்த்தோம். அதில் ஒரு விளக்கைப் பார்க்கவில்லை.

ஜாம் போத்தல் விளக்கு பிறந்தது தட்டுப்பாட்டால். சுதீப பிறந்தது காயத்தால். இரண்டும் அழகுக்காகவோ நாகரிகத்துக்காகவோ மாறியவை அல்ல. "இது இப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ளாத ஒருவர் இருந்தபோதுதான் பொருள் மாறியது. ஒரு குறையைத் தீர்த்த மாற்றம் இன்னொன்றை விட்டுவைக்கவும் செய்யும். எண்ணெய் மிச்சமானது, எங்கள் கண் எரிந்தது. இன்று கைத்தொலைபேசியே விளக்காகிவிட்டது. ஆனாலும் 2022 மின்வெட்டில் அதன் உயிர் போனதும் பழைய போத்தல்களைத் தேடியவர்கள் நம்மில் பலர்.

தங்கைமாரே, பொறுமையைப் பெண்ணுக்குரிய குணமாகச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். முதுகு நோக நிலத்தில் குந்தியிருந்து தேங்காய் திருவினார்கள் எங்கள் அம்மாமார். மேசையில் பூட்டிக் கைபிடியைச் சுற்றும் திருவலை வந்த பிறகுதான், அந்த நோவு அவசியமில்லாத நோவு என்று தெரிந்தது. உங்கள் தோளை அறுக்கும் புத்தகப் பையும், முழங்காலில் இடிக்கும் மேசையும் அப்படியே இருக்கத்தான் வேண்டுமா? கேளுங்கள்.

ஆகவே எங்கள் வகுப்பினரின் நூற்றாண்டு அன்பளிப்பு இரண்டு சிறு பொருள்கள். கேடயங்கள் இருக்கும் கண்ணாடி அலுமாரியில் வைக்க ஒரு ஜாம் போத்தல் விளக்கு. அதன் பக்கத்தில் ஒரு வெற்றுக் கொப்பி. எந்தப் பொருள் உங்களுக்கு நோவு தருகிறதோ அதை அந்தக் கொப்பியில் எழுதுங்கள். விளக்கைச் செய்து கொண்டுவந்தவள், அன்று கை வெந்த எங்கள் தோழி. இந்தச் சபையில்தான் இருக்கிறாள். கொப்பியின் முதல் வரியையும் அவளே எழுதிவிட்டாள்: "போத்தல் சரியில்லை."