நீதியாசனமும் அரசியல் மேடையும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வல்ல இறைவனைப் புகழ்ந்து தொடங்குகின்றேன். நீதி செலுத்துதல் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்தார்கள். அதனை நாம் அனைவரும் அறிந்த ஒருவரது வாழ்வின் ஊடாகப் பேசலாம் என எண்ணுகின்றேன். அவர் வடக்கு மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர், முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரன் அவர்கள்.

1939இல் கொழும்பில் பிறந்த அவர், றோயல் கல்லூரியில் பயின்று சட்டத்தரணியானார். 1979இல் நீதித்துறையில் இணைந்து படிப்படியாக உயர்ந்தார். 1995இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திற்கும், 2001இல் உயர் நீதிமன்றத்திற்கும் நியமனம் பெற்று, 2004இல் ஓய்வு பெற்றார். கால் நூற்றாண்டுக் காலம் அவரது பணி யாது? இரு தரப்பையும் செவிமடுத்த பின்னரே வாய் திறப்பது. நீதிபதியின் முதல் ஒழுக்கம் அதுவே.

2013இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை முதன்மை வேட்பாளராக நிறுத்தியது. கட்சி அரசியலில் கறைபடாத நீதியரசர் என்பதே அவரது பலம். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவர் பெற்ற விருப்பு வாக்குகள் 1,32,255. 38 ஆசனங்களில் 30 கூட்டமைப்புக்குக் கிடைத்தன. போனஸ் ஆசனங்கள் இரண்டில் ஒன்று முஸ்லிம் சகோதரர் ஒருவருக்கு வழங்கப்பட்டதை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

மிதவாதி என்று கொண்டுவரப்பட்டவர், காலப்போக்கில் கடும் தேசியவாதி எனப் பெயர் பெற்றார். 2015 பெப்ரவரி 10ஆம் நாள், சுதந்திரம் தொட்டு ஆட்சி செய்த அரசாங்கங்கள் தமிழருக்கு எதிராக இழைத்தவை இனவழிப்பே என்ற பிரேரணையை அவர் முன்வைத்தார். மாகாண சபை அதனை ஏகமனதாக நிறைவேற்றியது. தென்னிலங்கையில் அது பெரும் சினத்தைக் கிளப்பியது. 2016இல் யாழ்ப்பாணத்தில் நடந்த ‘எழுக தமிழ்’ பேரணிக்குத் தலைமை தாங்கினார். வடக்கும் கிழக்கும் இணைந்த சமஷ்டியைக் கோரினார். கிழக்கிலுள்ள நம் சகோதரர்களில் பெரும்பாலோர் அந்த இணைப்பை அச்சத்துடன் நோக்குபவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2017இல், விசாரணைக் குழுவின் அறிக்கையை அடுத்து, தம் அமைச்சர்கள் இருவரைப் பதவி விலகுமாறு கேட்டார். குற்றம் நிரூபிக்கப்படாத ஏனைய இருவரையும் விடுமுறையில் செல்லுமாறு பணித்தார். அவரது அணியினரே அவருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தனர். பின்னர் அது கைவிடப்பட்டது. நீக்கப்பட்ட அமைச்சர் ஒருவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். அந்நீக்கத்திற்கு எதிராக 2018இல் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. ஒரு காலத்தில் தாம் அமர்ந்து தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்தின் முன் அவர் பிரதிவாதியானார்! பதவி எவருக்கும் நிலையானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின்னர் சொந்தக் கட்சி கண்டு, 2020இல் பாராளுமன்றம் சென்றார். இந்நாட்டின் முதல் பூர்வ குடிகளின் மொழி தமிழ் என்ற பொருளில் அவர் ஆற்றிய முதல் உரையே சர்ச்சையாயிற்று. 2024 பொதுத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை.

சகோதரர்களே! இவரைப் புகழவோ இகழவோ நான் இங்கு நிற்கவில்லை. தம் மக்களின் துயரை அச்சமின்றி உரத்துச் சொன்னார் என்பதை மறுப்பது அநீதி. முள்ளிவாய்க்காலில் 2009இல் மாண்டோரின் தாய்மார்கள் சிந்திய கண்ணீர் பொய்யானதன்று.

ஆயினும் நமக்கும் ஒரு வழக்கு உண்டு. 1990 அக்டோபரில், வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வீடு, நிலம், பள்ளிவாசல் அனைத்தையும் விட்டு வந்தனர். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. புத்தளத்து மண்ணில் ஓலைக் குடிசைகளில் நம்மில் பலர் வளர்ந்தது அதன் பின்னர்தான். நீதியரசர் ஒருவர் முதலமைச்சராகிறார் என்றதும், நம் வழக்கும் கேட்கப்படும் என்று நம் பெரியவர்கள் எதிர்பார்த்தார்கள். மீளச் சென்றோர் காணி, வீடு, பாடசாலை இடம் என ஒவ்வொன்றுக்கும் அலைந்ததை நாம் அறிவோம். ஒரு தரப்பின் குரலாகிவிட்ட பின், மறு தரப்பைச் செவிமடுப்பது எத்துணை கடினமானது!

இனி நம் பக்கம் திரும்புவோம். நாமும் நம் இழப்பை மட்டுமே பேசி, அயலவரின் இழப்புக்குச் செவியை மூடிக்கொள்வோமாயின், நாம் குறை சொல்லும் தவற்றையே நாமும் செய்தவர்களாவோம். இந்த ஜமாஅத்தில் தலாக், பாகப்பிரிவினை, காணித் தகராறு என்று வழக்குகள் வருகின்றன. வந்தவர் நம் உறவினரா, நம் தெருவினரா, சந்தா தவறாமல் கட்டுபவரா என்று பார்த்து முடிவு சொல்கிறோமா? அல்லது, பேசத் தெரியாத ஏழைப் பெண்ணின் தரப்பையும் இறுதிவரை கேட்கிறோமா?

உயர் நீதிமன்ற ஆசனத்திலிருந்து இறங்கியவருக்கு ஏற்பட்ட சோதனை, இப்பள்ளியின் பாயில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் நமக்கும் உண்டு. நம்மவருக்காகப் பேசுவது நம் உரிமை. நம்மவருக்கு எதிராகவும் உண்மையைச் சொல்வது நம் கடமை. அதற்குரிய மனவலிமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.