தரையை உயர்த்தும் உரிமை



2021 ஜூலை 18 அதிகாலையில், பெருமழையில் விக்ரோலி சூர்யாநகரில் மண் சரிந்து வீடுகளைப் புதைத்தது. அதே இரவில் செம்பூர் பாரத் நகரிலும் சுவர் இடிந்து விழுந்தது. இரண்டு இடங்களிலும் குடிசைவாசிகளே மாண்டனர். இரங்கலும் நிவாரண அறிவிப்பும் உடனே வந்தன. உயிர் தப்பியவர் தம் வீட்டை எப்படிச் செப்பனிடுவது என்ற கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை.

சரிவில் வசிப்போருக்குத் தேவை தடுப்புச்சுவர். தாழ்விடத்தில் வசிப்போருக்குத் தேவை உயரமான தரை. 2005 ஜூலை 26-இல் சாந்தாக்ரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியது, மித்தி ஆறு கரை மீறியது. அந்த வெள்ளம் கற்பித்த பாடம், வீட்டுத் தரையை இரண்டடி உயர்த்த வேண்டும் என்பதே. தரை உயர்ந்தால் கூரையும் உயர்ந்தாக வேண்டும். இல்லையேல் நிமிர்ந்து நிற்க இடமிராது.

இங்குதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1888-ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 342-ஆவது பிரிவு, பூச்சு, வர்ணம், குழாய் மாற்றம், அதே பொருளால் கூரை வேய்தல் போன்ற சிறு பழுதுபார்ப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது. கட்டடத்தின் நீள அகலமோ உயரமோ மாறினால் அந்த விலக்கு இல்லை. குடிசைகளுக்கு 14 அடி உயர வரம்பு வேறு. மூழ்கிய வீட்டை மூழ்கிய அளவிலேயே மீண்டும் கட்டலாம். மூழ்காதபடி கட்டினால் நோட்டீஸ் வரும்!

அமெரிக்காவின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் விதி நேர்மாறானது. வெள்ள அபாயப் பகுதியில் செப்பனிடும் செலவு வீட்டின் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தை எட்டினால், தரையை வெள்ள மட்டத்துக்கு உயர்த்தியே தீர வேண்டும். அதற்கெனக் காப்பீட்டிலிருந்து 30,000 டாலர் வரை கிடைக்கும். காப்பீடு இல்லாத ஏழைக்கு அதுவும் இல்லை. ஆகவே அந்த விதியை அப்படியே இறக்குமதி செய்வது தீர்வாகாது. பணமின்றி வரும் கட்டாயம், இங்கு வெளியேற்றத்தின் மறுபெயராகவே முடியும்.

கோரிக்கை தெளிவானது: வெள்ளம் ஏறும் இடங்களில் தரை உயர்த்தும் அளவுக்கு உயர வரம்பைத் தளர்த்த வேண்டும், செலவை அரசு ஏற்க வேண்டும், சரிவுகளில் தடுப்புச்சுவர் கட்ட வேண்டும். சுவர் காக்க முடியாத இடத்தில், அருகிலேயே மாற்று வீடு தர வேண்டும். தொலைவில் கொண்டுபோய்க் கொட்டினால் வேலை போகும், பிள்ளைகளின் பள்ளி போகும்.

ஜூன் பிறப்பதற்குள் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் எந்த வீட்டில் எத்தனை அடி நீர் ஏறியது என்று சுவர்த் தடம் பார்த்துக் குறித்து, வார்டு அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கிவர வேண்டும்.